ஈரக் காற்றில் ஓர் ஊத்

கொழும்பில் இருந்துகொண்டு ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியத்தைச் செய்ய நினைக்கிறவர் முதலில் மரம் வாங்க ஓட வேண்டாம். ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். வேலை செய்யப்போகிற அறையின் சுவரில் அதை மாட்டிவிட்டு, ஒரு தென்மேற்குப் பருவமழையும் ஒரு தை மாசி வெயிலும் கடந்துபோகும் வரை அது காட்டுகிற எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தொடும், நல்ல வெயில் நாளென்றால் மதியம் 65க்கு இறங்கும், மழை விடாமல் பிடித்துக்கொண்டால் பகல் முழுக்க 85இலேயே நிற்கும். எதை எந்த நாளில் ஒட்டுவது, எந்த நேரத்தில் அரக்குப் பூசுவது, தந்தி விரல் பலகைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கப்போகிறது எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், இந்த வேலையைப் பற்றிக் கிடைக்கிற குறிப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே வேறு காற்றில் எழுதப்பட்டவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கித்தாரோ லூட்டோ ஊத்தோ செய்கிறவர்கள் பட்டறையை 40, 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஊத் பிறந்து வளர்ந்த டமாஸ்கஸும் பக்தாத்தும் இயல்பிலேயே உலர்ந்த ஊர்கள். நான் இருக்கிற தெஹிவளை வீட்டிலிருந்து கடல் நடந்துபோகிற தூரம். இங்கே சீவுளி இரும்பை எண்ணெய் தடவாமல் ஒரு வாரம் விட்டால் துரு ஏறிவிடும். அரபு நாட்டில் வாங்கிய ஊத் ஒன்றை எனக்குத் தெரிந்த ஒருவர் கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தார். நல்ல கைவேலை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதன் முகப் பலகை வீங்கி எழும்பி, தந்திகள் விரலால் அழுத்த முடியாத உயரத்துக்குப் போய், கடைசியில் தந்திகளை முகத்தில் பிடித்து நிற்கும் பாலமும் ஒட்டு விட்டுக் கழன்றுவிட்டது. செய்தவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் அதை இந்தக் காற்றுக்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஊத்தைக் கண்டிராதவர்களுக்காகக் கொஞ்சம். முதுகு உருண்டு, முகம் தட்டையாக, கழுத்து குட்டையாக, தலை பின்னோக்கி மடிந்து இருக்கும் ஒரு நரம்பு வாத்தியம். வீணையில் இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது, வழுவழுப்பான விரல் பலகை மட்டும்தான். பொதுவாக 11 தந்திகள்: ஐந்து சோடிகள், அடியில் தனியாக ஒரு மந்தரத் தந்தி. ரீஷா என்று சொல்லப்படுகிற நீளமான மெல்லிய தகட்டால் மீட்டுவார்கள், அந்தக் காலத்தில் அதற்குக் கழுகு இறகின் தண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தத்துவ அறிஞர் அல் கிந்தி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், அதே நூற்றாண்டில் பக்தாத்திலிருந்து ஸ்பெயினின் கோர்டோபாவுக்குப் போன இசைக்கலைஞர் ஸிர்யாப் ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. ஐரோப்பிய லூட் இதன் வழிவந்ததுதான். 2022இல் ஈரானும் சிரியாவும் சேர்ந்து கேட்டு, ஊத் செய்வதும் வாசிப்பதும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. வாசிப்பதோடு செய்வதையும் சேர்த்தே அந்தப் பட்டியலில் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தோஹாவில் கணக்குப் பிரிவொன்றில் வேலை பார்த்த காலத்தில் ஸூக் வாகிஃப் என்ற பழைய சந்தையில் ஒரு மாலை இதைக் கிட்ட இருந்து கேட்டேன். அப்புறம் ஈராக்கிய மேதை முனீர் பஷீரின் தனி வாசிப்புப் பதிவுகள். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது அடங்கும் வரை அவர் காத்திருக்கிற விதம், எங்கள் வீட்டில் வீணையில் ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபட்டது. மனைவி வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய வீணையைத் திருத்தித் திருத்தித்தான் எனக்கு இந்தக் கைவேலையே வந்தது.

வீணையும் ஊத்தும் உருவத்தில் தூரத்துச் சொந்தம் போலத் தெரிந்தாலும் செய்முறையில் எதிரெதிர். தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலாமரத்தைக் குடைந்து எடுப்பார்கள். ஊத்தின் முதுகோ மூன்று மில்லிமீற்றருக்கும் மெல்லிய மரப் பட்டிகளைச் சூட்டில் வளைத்து, பக்கம் பக்கமாக ஒட்டி எழுப்புவது. எல்லாம் முடிந்த பிறகு முழு வாத்தியமும் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தான் வர வேண்டும். அந்த இலேசுதான் அதன் குரல். கனமாகச் செய்தால் உறுதியாக இருக்கும், ஊமையாகவும் இருக்கும். மெல்லியதாகச் செய்தால் பேசும், ஆனால் காற்றில் ஏறி இறங்கும் ஈரம் ஒவ்வொன்றையும் அது உணரும். கொழும்பில் ஊத் செய்வதன் சிக்கல் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

முதுகுக்கு நான் பலாவைத்தான் எடுத்தேன். மஹோகனி சுலபமாக வளையும், தேக்கும் கிடைக்கும், ஆனால் வீணைக்குப் பலா எப்படிப் பேசுகிறது என்று தெரிந்த பிறகு வேறு மரத்துக்குப் போக மனம் வரவில்லை. நின்ற பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அனுமதி வேண்டும். அது நல்ல சட்டம். அதோடு, வாத்தியத்துக்கு வேண்டியது புதிதாக வெட்டிய மரமே இல்லை. பழைய வீடுகளை உடைக்கும்போது வருகிற கைமரமும் நிலைக்கதவும்தான் வேண்டும். பழைய சோனகத் தெருப் பக்கம் இப்படி உடைத்த வீட்டு மரம் விற்கிற நானா ஒருவர் இருக்கிறார்.

"தம்பி, எதுக்கு? கதவுக்கா, அலுமாரிக்கா?" என்றார்.

"வீணை மாதிரி ஒரு சாமான் செய்ய, நானா."

"அப்ப இதெல்லாம் வேணாம், உள்ளுக்கு வாங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனார். ஓட்டுக்குக் கீழே எத்தனையோ பத்து வருடம் சூட்டில் கிடந்த கைமரங்கள், மேலே கறுத்து, ஓரத்தைச் சீவிப் பார்த்தால் உள்ளே தேன் நிறம். கூரைக்குக் கீழே கிடந்த மரம் ஒவ்வொரு நாளும் காய்ந்து ஒவ்வொரு இரவும் ஈரம் வாங்கி, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்திருக்கும். முறுக்கு இல்லாமல் நார் நேராக ஓடுகிற இரண்டு துண்டைத் தேர்ந்தெடுக்கவே அரை நாள் போனது. ஆணிகளைப் பிடுங்குவது தனி வேலை, ஒரு சின்ன ஆணி உள்ளே இருந்தாலும் அறுக்கிறவருடைய பிளேட் போய்விடும்.

அறுத்தது மொறட்டுவையில். தளபாடத்துக்குப் பெயர்போன ஊர் என்பதால் பட்டை வாள் மெஷின் வைத்திருக்கிற மரவேலை பாஸ்மாருக்கு அங்கே குறைவில்லை. ஆனால் 70 சென்டிமீற்றர் நீளம், 4 சென்டிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு என்று சொன்னால் பாதிப்பேர் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். ஒப்புக்கொண்ட பாஸ், நான் கீறிக் கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கவிழ்த்துப்போட்ட தோணிதானே என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையில் அவர் சொன்னதைவிடச் சரியாக இதை எனக்கு யாரும் விளக்கவில்லை. நடுவில் அகன்று இரண்டு முனையிலும் ஒடுங்குகிற பலகைகள், உள்ளே தற்காலிகமாக நிற்கிற விலா வளையங்கள், நடுப் பலகையை முதலில் வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறுவது எல்லாம் ஒன்றுதான்.

அளவுகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். தந்தியின் ஓடுநீளம், அதாவது அதிர்கிற நீளம், 61.5 சென்டிமீற்றர், இது அரபு ஊத்துக்கான அளவு. துருக்கி ஊத் கொஞ்சம் சின்னது, 58.5. கழுத்து 20.5, அதாவது ஓடுநீளத்தில் மூன்றில் ஒன்று. அப்படி வைத்தால் கழுத்தும் உடலும் சேருகிற இடம் திறந்த தந்திக்குச் சரியாகப் பஞ்சம சுரத்தில் வந்து நிற்கும், மெட்டு இல்லாத பலகையில் இடது கைக்கு அதுவே ஒரு அடையாளம். முகத்தின் அகலம் 37, முதுகின் ஆழம் அதில் பாதி. பட்டிகள் 19, நடுவில் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீற்றர் அகலம்.

பட்டியை வளைக்கிறதுக்கு ஒரு தடித்த செம்புக் குழாய் போதும். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையில் எடுத்தேன். அதைக் கிடையாக முடுக்கி உள்ளே காஸ் டோர்ச்சைக் காட்டினால், மேலே தெளித்த தண்ணீர்த் துளி உருண்டு ஓடுகிற சூட்டில் மரம் இளகத் தொடங்கும். பட்டியை இலேசாக நனைத்து, குழாயின் மேல் வைத்து, அமுக்காமல் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய பலா அவசரப்படுத்தினால் நார் பிரியும், பொறுத்திருந்தால் ஒரு கணத்தில் கை உணர்கிற மாதிரி இணங்கும். அந்தக் கணம் வரும்போது பலாவின் வாசனை கராஜ் முழுக்கப் பரவும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், இதற்காகவே இன்னொரு ஊத் செய்யலாம்.

ஆனால் வளைத்த கையோடு ஒட்டக்கூடாது. நனைத்த பட்டி கொழும்பு வெளிக்காற்றில் காய்ந்த மாதிரித் தெரியும், காய்ந்திருக்காது. அதனால் பழைய அலுமாரி ஒன்றுக்குள் இழைக் குமிழ் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். இதன் கணக்கு எளிது: 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, ஒரு சொட்டு நீரையும் எடுக்காமல் 36 பாகைக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 57க்கு இறங்கிவிடும். குமிழ், சின்ன விசிறி, ஈரப்பதமானி, அவ்வளவுதான் பட்டறையின் உலர் அறை. வளைந்த பட்டிகள் அதற்குள் இருந்து எழும்பி வந்த பிறகுதான் ஓரங்களைச் சீவிப் பொருத்துவது. சீவுளியைக் கவிழ்த்து வாங்கில் முடுக்கி, பட்டியை அதன் மேல் இழுப்பேன். இரண்டு பட்டியையும் சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது.

ஒட்டியது வச்சிரப் பசையில். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, தண்ணீரில் ஊறவைத்து 60 பாகைக்கு மேல் போகாமல் சூடாக்கிப் பூச வேண்டும். வெள்ளைப் பசை போத்தலில் கிடைக்கும்போது இது ஏன் என்று கேட்பார்கள். வெள்ளைப் பசை வெக்கையில் இளகி மெல்ல மெல்ல நழுவும், தந்தி இழுத்துக்கொண்டே இருக்கிற ஒரு வாத்தியத்துக்கு அது ஆகாது. வச்சிரம் காய்ந்தால் கண்ணாடி. என்றைக்காவது திறந்து திருத்த வேண்டி வந்தால் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கலாம். குளிர் நாட்டில் இந்தப் பசை பூசி எடுப்பதற்குள் உறைந்துவிடும் என்று புலம்புவார்கள், அங்கே மரத்தையே சூடாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே கராஜ் எப்போதும் 30 பாகை என்பதால் நிதானமாகப் பொருத்த நேரம் கிடைக்கிறது. கொழும்புக் காற்று செய்கிற ஒரே உபகாரம் இது. எங்கள் வீடு சைவம், தோலில் காய்ச்சிய பசையை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "மிருதங்கமும் தோல்தானே தம்பி, கராஜிலே வைச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டா. கரைத்த பசை இரண்டு நாளில் கெட்டு நாறும், ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைப்பது நல்லது.

இனி முகம். ஊத்தின் முகத்துக்கு இந்தத் தீவில் மரம் இல்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முகத்துக்கு வேண்டியது ஸ்புரூஸ்: குளிர் மலையில் மெதுவாக வளர்ந்து, வருட வளையங்கள் நெருக்கமாக விழுந்து, எடைக்கு மிஞ்சிய விறைப்போடு இருக்கிற மரம். எங்கள் மலைநாட்டில் நட்டிருக்கிற கரிபியன் பைன் வேகமாக வளர்ந்தது, பிசின் நிறைந்தது, பெட்டி அடிக்கலாம். ஜேர்மனியில் இருக்கிற சித்தப்பாவின் மகன் பவேரியாவின் மிட்டன்வால்ட் என்ற வயலின் செய்கிற ஊரில் ஒரு சோடிப் பலகை வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டியில் உடுப்புக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தான். தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலித்தது.

இந்தப் பலகைதான் ஈரத்தை முழுதாக உணர்கிற உறுப்பு. 80 சதவீதக் காற்றில் கிடக்கிற ஸ்புரூஸ் தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு நீரை வைத்திருக்கும், 55 சதவீதத்தில் 10, 45 சதவீதத்தில் எட்டரை. நீர் ஏறினால் மரம் நாருக்குக் குறுக்கே விரியும், இறங்கினால் சுருங்கும், நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. 37 சென்டிமீற்றர் அகலமான முகம் 80க்கும் 45க்கும் நடுவில் 3 மில்லிமீற்றருக்கு மேல் அசையப் பார்க்கும். ஆனால் முகத்தின் உள்பக்கம் குறுக்காக ஏழு விட்டங்களை, அதாவது மெல்லிய மரச் சட்டங்களை, ஒட்டுகிறோம். விட்டத்தின் நீளம் மாறாது. ஆக, மழை நாளில் விரிந்திருக்கும்போது விட்டத்தை ஒட்டிவிட்டு, அந்த ஊத்தை ஏசி அறையிலோ தோஹாவிலோ கொண்டுபோய் வைத்தால் முகம் சுருங்க முயன்று, முடியாமல், நார் வழியே வெடிக்கும். மாறாகக் குறிப்புகளில் சொன்னபடி 40 சதவீதத்தில் ஒட்டிவிட்டு இங்கே வைத்தால், விரிய இடமில்லாமல் முகம் வெளிப்பக்கம் வயிறு தள்ளும். அந்தக் கழன்ற பாலத்தின் கதை அதுதான்.

நாருக்குக் குறுக்கே மரம் இழுபடுவதைவிட நசுங்குவதை நன்றாகத் தாங்கும். ஆகவே இந்த வாத்தியம் தன் ஆயுளில் காணப்போகிற ஆகக் குறைந்த ஈரப்பதம் எதுவோ அதில் ஒட்டுவதுதான் சரி என்று முடிவு செய்தேன். இங்கேயே இருக்கப்போகிற ஊத்துக்கு அது இரவெல்லாம் ஏசி ஓடுகிற படுக்கையறை, அதாவது 55. அப்படி ஒட்டினால் வெடிக்காது, மழைக்காலத்தில் கொஞ்சம் வயிறு வைக்கும், அந்தக் கொஞ்சத்துக்கு முன்கூட்டியே கழுத்துச் சாய்வில் இடம் கொடுத்துவிடலாம். ஐரோப்பியக் குறிப்பைப் பார்த்து 40 என்று பிடிவாதம் பிடிப்பது கொழும்பில் தேவையில்லாத தண்டனை.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவைத்திருந்த நேரத்தில்தான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. ஏசியும் இல்லை, அலுமாரிக் குமிழும் இல்லை. இரண்டு மில்லிமீற்றர் பலகை சில மணிநேரத்திலேயே வெளிக்காற்றின் ஈரத்தைப் பிடித்துவிடும். அதனால் ஸ்புரூஸைத் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வாய் ஒட்டி மூடி வைத்தேன், விட்டம் ஒட்டுவதை அடுத்த தைக்குத் தள்ளிவிட்டேன். பெற்றோல் வரிசையில் நின்ற நேரம் போக மிச்ச நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் கைவேலைகள் நடந்தன. சீவுளிக்கும் உளிக்கும் மின்சாரம் எதற்கு? கழுத்து அப்போது செய்ததுதான். ஜினிசப்பு மரம், இலேசானது, கத்திக்கு வெண்ணெய். அதன் மேல் பலா மேற்தகடு. கழுத்து இலேசாக இருந்தால்தான் மடியில் வைத்தால் தலைப்பக்கம் சாயாது.

முறுக்காணி 11ம் அதே காலத்தில். உடைந்துபோன பழைய கதிரை ஒன்றின் கருங்காலிக் கால்கள் ஓர் உறவினர் வீட்டில் கிடந்தன, புதுக் கருங்காலி தேடி அலைகிற நிலைமை இங்கே இல்லை என்பதால் அவை பெரிய பொக்கிஷம். ஆணி 30 மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் கூம்ப வேண்டும், அதே கூம்பில் ஓட்டையையும் துருவ வேண்டும். பொருந்திவிட்டதா என்று பார்க்க ஆணியைச் சுழற்றி எடுத்தால் அது மரத்தில் படுகிற இரண்டு இடத்திலும் ஒரேபோலப் பளபளக்கும். கொஞ்சம் சுண்ணக்கட்டியும் கொஞ்சம் காய்ந்த சவர்க்காரமும் தடவினால் மழைக்காலத்தில் இறுகாமலும் ஏசியில் நழுவாமலும் நிற்கிறது.

முகத்தின் வட்டத் துளைக்கு மூடியாக வருகிற செதுக்கலைப் பற்றி நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். கோலம் போடு, தாமரை போடு, அன்னம் போடு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எட்டு முனை நட்சத்திரத்தைச் சுற்றிப் பின்னிப் பின்னிப் போகிற அந்தக் கேத்திரகணிதம் இந்த வாத்தியத்தோடு பிறந்து வந்தது, டமாஸ்கஸின் நஹாத் குடும்பத்தாரும் இஸ்தான்புல்லின் மனோலும் செய்த ஊத்துகளின் படங்களைப் பார்த்தால் அந்த இடத்தில் கைவைக்கவே தோன்றாது. கவராயமும் அடிமட்டமும் வைத்து வரைந்து, நூல்போன்ற அலகுள்ள வாளால் பலாத் தகட்டில் அறுத்தேன். பெரியது ஒன்று, சின்னது இரண்டு.

தை பிறந்தது. வெயில் நிலைத்து, ஏசி அறையில் மானி 55இல் அசையாமல் நின்ற ஒரு நாள் முழு விட்டங்களையும் ஒட்டி முடித்தேன். முகம் நடுவில் 1.8 மில்லிமீற்றர், ஓரத்தில் கொஞ்சம் குறைவு. விட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிச் சீவித் தட்டிப் பார்ப்பது பல இரவு நடந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு இடமும் தனித்தனியாகச் சத்தம் போடும். சீவச் சீவ முழுப் பலகையும் ஒன்றாக அசையத் தொடங்கும். மனைவி பக்கத்தில் இருந்து, "என்னப்பா, இந்தப் பக்கம் இன்னும் கட்டிக்கொண்டிருக்குது" என்று விரலால் காட்டுவாள். அவள் காட்டிய இடத்தில் இரண்டு சுருள் எடுத்தால் போதும். எங்கே நிறுத்துவது என்பதையும் அவள்தான் சொன்னாள், நானாக இருந்தால் இன்னும் எடுத்திருப்பேன்.

மெருகுக்கு அரக்கு. இங்கே மாத்தளைப் பக்கத்து ஹப்புவித கிராமத்தில் லாக்ஷா வேலை செய்கிறவர்கள் இதே அரக்கைச் சூட்டில் இளக்கி நகத்தால் இழைத்து மரத்தில் பதிக்கிறார்கள், நாங்கள் ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கிறோம். பஞ்சை உருட்டிப் பழைய வேட்டித் துணியில் கட்டி, அரக்கில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பது. பஞ்சு இழுபடும்போது ஒரு சொட்டு ஒலிவ் எண்ணெய். கொழும்பில் இதற்கு ஒரு நேரம் இருக்கிறது: வெயில் நாளில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்யும், ஈரக் காற்று அந்தக் குளிரில் பட்டு நீராகப் படியும், அரக்கு வெண்புகை பிடித்த மாதிரி மங்கிவிடும். மானி 70க்கு மேலே காட்டுகிற நாட்களில் அரக்குப் போத்தலைத் திறக்கவே இல்லை. பலா நாளாக ஆக மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும், சாயம் எதுவும் தேவைப்படவில்லை. முகத்தை வெறுமையாக விடுவதுதான் மரபு. ஆனால் இந்த ஊரில் வெறும் ஸ்புரூஸில் பூஞ்சணம் புள்ளி வைத்துவிடும் என்பதால் தண்ணீராகக் கரைத்த அரக்கை இரண்டே தடவை ஒற்றியெடுத்தேன். குரலில் அதனால் எந்த மாற்றமும் தெரியவில்லை, மரபைக் காக்க வாத்தியத்தைப் பூஞ்சணத்துக்குக் கொடுப்பதில் நியாயமும் தெரியவில்லை.

தந்தி கட்டியவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தந்தியும் மூன்று, மூன்றரை கிலோ இழுக்கும், பதினொன்றும் சேர்ந்து 40 கிலோவுக்குக் கிட்ட. அந்த இழுவையை ஒரு கிலோ எடையுள்ள உடம்பு தாங்கிப் பழக வேண்டும். முதலில் இரண்டு சுரம் தாழ்த்திக் கட்டி, சில நாள் விட்டு, கொஞ்சம் ஏற்றி, மீண்டும் விட்டு, இப்படித்தான் சி, எஃப், ஏ, டி, ஜி, சி என்ற அரபுச் சுதிக்குக் கொண்டுவந்தேன். கழுத்து மிகக் கொஞ்சம் முன்னே வந்து நின்றது, விரல் பலகையை ஒருமுறை சீவி நேராக்கினேன். மாசியில் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் தந்தி 2.5 மில்லிமீற்றர் உயரம். வைகாசி மழையில் முகம் எதிர்பார்த்தபடி கொஞ்சம் எழும்பி 3 ஆனது, அதற்குமேல் போகவில்லை. முதல் மழைக்காலம் முழுக்க அந்த ஒரு எண்ணைத்தான் வாரந்தோறும் அளந்தேன். ஒட்டு எங்கும் விடவில்லை, முகத்தில் கீறல் இல்லை.

குரல்? பலா அடித் தந்திக்கு ஒரு கனம் கொடுக்கிறது, மேல் சோடிகள் இன்னும் திறந்துவருகின்றன. மனைவி ரீஷாவை எடுக்கவில்லை, விரலாலேயே மீட்டினாள். மெட்டு இல்லாத பலகையில் கமகம் எடுப்பதற்குத் தந்தியைப் பக்கமாக இழுக்க வேண்டாம், வழுக்கினாலே போதும் என்பது அவளுக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. அரபு இசையில் ராகம் போன்றதான மக்காமில் ஒன்று, பயாத்தி; அதைக் கேட்கச் சொன்னேன். அதன் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் வந்து நிற்கிற ஒன்று. வீணையில் அதற்கு ஒரு மெட்டு இல்லை. பதிவைக் கேட்டுக்கேட்டு விரலால் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே நின்று மீட்டிக்கொண்டிருந்தாள். இப்போது வீட்டில் அந்த ஊத் அவளுடையது என்றுதான் பேச்சு.

அவள் கை சின்னது, 61.5 ஓடுநீளத்தில் கடைசி விரல் எட்டச் சிரமப்படுகிறாள். ஆகவே அடுத்ததைத் துருக்கி அளவில், 58.5இல், கழுத்து 19.5ஆகச் செய்கிறேன். முதுகுக்கு இந்த முறை பூவரசு. மொறட்டுவைப் பாஸ் அறுத்துக் கொடுத்துவிட்டார், இரண்டாவது தோணி என்று பெயரும் வைத்துவிட்டார். ஐப்பசி மழை முடிகிற வரை பட்டிகள் காயட்டும், தையில் குழாயைச் சூடாக்கலாம்.